பேனரை இறக்கிவிட்டு வந்தவர்கள்

என் அறை வாசலில் செருப்புகள் கிடந்தன.

மலாக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு மனநல ஆலோசகராக, இங்கே எல்லாரும் சொல்வதுபோல் கவுன்சலராக, நான் வேலை பார்ப்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். என் அறைக்குள் அழுதுகொண்டு வந்திருக்கிறார்கள். தலையில் ஹெல்மெட்டோடு வந்திருக்கிறார்கள். ஒரு பையன் பாதி தின்ற ரொட்டி சானாயோடு வந்து, மீதியைத் தின்று முடித்துவிட்டுத்தான் அழ ஆரம்பித்தான். ஆனால் செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு யாரும் உள்ளே வந்ததில்லை.

மூன்று ஜோடி. தேய்ந்த ரப்பர் செருப்பு ஒன்று, பூப்போட்ட பெண்கள் செருப்பு ஒன்று, பளபளவென்று பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ ஒன்று. ஷூவுக்குள் காலுறைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

அறைக்குள் ஏர்கண்டிஷனுக்கு நேர் கீழே மூன்று பேர் நின்றிருந்தார்கள். தொழிற்சாலைச் சட்டையோடு ஒருவர் கைகட்டியபடி நின்றார். அவர் மனைவி ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடித்திருந்தார். வாழைப்பழச் சீப்பும் ஆப்பிளும் பைக்கு வெளியே தெரிந்தன, கோயில் திருநீற்றின் வாசனை வந்தது. இருவருக்கும் முன்னால் முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர். ஷூ அவருடையது.

"வணக்கம் டீச்சர். நான் கோயில் தலைவர். இவங்க பிள்ளையோட அம்மா, அப்பா. செலண்டார் பக்கம் எஸ்டேட்லேர்ந்து வர்றோம். பிள்ள ஏதோ தெரியாம தப்பு பண்ணிருச்சி. இந்த ஒரு வாட்டி மன்னிச்சி விட்ருங்க லா."

என்ன தப்பு என்று கேட்டேன்.

"அத நீங்கதான் டீச்சர் சொல்லணும்" என்றார் தலைவர்.

அந்தப் பிள்ளைக்கு இங்கே ஷாமினி என்று பெயர். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, ஸ்டைலாக ஒரு பெயர் வைக்கச் சொன்னவள் அவள்தான். அவள் அப்பா சரி என்று தலையாட்டினார். தலைவர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார், தன்னைக் கொஞ்சம் உயரமானவராக எழுத வேண்டுமாம். தலைவர் நல்ல உயரம்.

மருதாணிக் குற்றம்

அவர்கள் மேல் தப்பில்லை. இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரிடமும் 'கவுன்சலிங்' என்று சொல்லிப் பாருங்கள், உட்கார்ந்திருப்பவர் எழுந்து நிற்பார்.

நான் படித்த பள்ளியில் கட்டொழுங்கு ஆசிரியரும் கவுன்சலிங் ஆசிரியரும் ஒருவரே. காலையில் பிரம்போடு வருவார், மதியம் அதே பிரம்பை அலமாரி மேல் வைத்துவிட்டு நம் மனத்தைப் புரிந்துகொள்வார். சிரம்பானில் ஒரு கல்யாணத்துக்குப் போய் மருதாணி வைத்துக்கொண்டு வந்ததற்காக என்னை அந்த அறைக்கு அனுப்பினார்கள். முதலில் கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். மருதாணி கழுவினால் போகாது என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், குழாயடியில் நின்று தேய்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு என் எதிர்காலம் பற்றி நீண்ட நேரம் பேசினார். அந்தப் பேச்சின்படி நான் இப்போது ஜெயிலில் இருக்க வேண்டும்.

ஜெயிலுக்குப் போகவில்லை, கவுன்சலராகிவிட்டேன். இரண்டும் என் அம்மாவுக்கு ஒன்றுதான்.

நாங்கள் சிலோன் தமிழர்கள். எங்கள் உறவில் டாக்டர் உண்டு, வக்கீல் உண்டு, இன்ஜினியர்கள் கூடை கூடையாக உண்டு. கல்யாண வீடுகளில் அம்மா என்னை அறிமுகப்படுத்தும்போது "மகள் யுனிவர்சிட்டியில இருக்கிறா" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் கேட்பார்: "ஆக்கள் வந்து அழுகினம், நீ பாத்துக்கொண்டு இருக்கிறாய். அதுக்குச் சம்பளமும் தருகினமோ?"

தருகிறார்கள். அறையும் தந்திருக்கிறார்கள், ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவுக்குப் பக்கத்துக் கதவு. இரண்டுக்கும் ஒரே வரவேற்பு மேசை, ஒரே நீல நிற நாற்காலிகள். எலுமிச்சைப்புல் மணம் பரப்பும் ஒரு சின்ன எந்திரம் மனஅமைதிக்காக என் அறையில் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே வரும் மாணவர்களுக்குப் பெரும்பாலும் பசிதான் எடுக்கிறது, தொம்யாம் சூப் ஞாபகம் வருகிறதாம். வருடத்துக்கு ஒரு தடவை மனநல வாரம் நடத்துவோம். பலூன் கட்டுவோம், கப்கேக் கொடுப்போம், 'நான் நலம்' என்று எழுதிய அட்டையைக் கையில் கொடுத்துப் படம் எடுப்போம். அந்த அட்டையோடு அழகாகச் சிரித்த பல முகங்களை அடுத்த வாரம் என் அறையில் பார்ப்பேன்.

ஷாமினியின் அம்மா மகளுக்கு ஃபோன் செய்தபோது, மகள் ஃபோனைக் கட்டிலில் போட்டுவிட்டு வெளியே போயிருந்தாள். கூடத் தங்கியிருந்த பெண் எடுத்தாள். நல்ல பெண், பொய் சொல்லத் தெரியாதவள். "ஷாமினி கவுன்சலிங் ரூமுக்குப் போயிருக்கா ஆன்ட்டி. வாரா வாரம் போவாளே" என்று சொல்லிவிட்டாள்.

அந்த 'வாரா வாரம்'தான் மூன்று பேரையும் ஒரு வேனில் ஏற்றிக் கொண்டுவந்தது.

நான் பேசாதிருந்த கதை

என் தொழிலில் முதல் விதி ஒன்று உண்டு. யார் வருகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்பதை அவர்கள் அனுமதி இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. பெற்றோரானாலும் சரி, கோயில் தலைவரானாலும் சரி.

எனவே, இங்கே யார் வருகிறார்கள் என்பதை நான் சொல்ல முடியாது என்று மரியாதையாகச் சொன்னேன்.

அம்மாவின் முகம் வெளுத்தது. "சொல்ல முடியாத அளவுக்குத் தப்பா டீச்சர்?"

இல்லை, யாராக இருந்தாலும் சொல்ல மாட்டோம் என்றேன். அப்படியானால் போலீஸ் வரைக்கும் போய்விட்டதா என்று தலைவர் தாழ்ந்த குரலில் கேட்டார். நான் வாயைத் திறக்காத ஒவ்வொரு நிமிடமும் அவள் குற்றம் பெரிதாகிக்கொண்டே போனது. அம்மாவின் கண்ணில் முதலில் அது பரீட்சையில் காப்பியடித்ததாக இருந்திருக்கும், சற்று நேரத்தில் காதலாகி, கடைசியில் அவர் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டபோது அது எங்கே போய் நின்றதோ எனக்குத் தெரியாது. நான் டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தேன். எங்கள் தொழிலில் அதற்கு மட்டும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

அப்பா புக்கிட் ரம்பாயில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமலே வேன் ஏறியவர் என்று பிறகு தெரிந்தது. அவர் என் சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் ஒரு மனிதன் மலையுச்சியில் கையை விரித்துக்கொண்டு நிற்பான்.

ஸ்டெதஸ்கோப் வந்த விதம்

இனி, அவர்களிடம் நான் சொல்ல முடியாமல் விழுங்கியதைச் சொல்கிறேன்.

ஷாமினி முதன்முதலில் வந்தது, வகுப்புக்குப் போகாததற்கு ஒரு கடிதம் வாங்க. வயிறு சரியில்லை என்றாள். அடுத்த வாரமும் வயிறு. அதற்கடுத்த வாரம், லேபில் நின்றுகொண்டிருக்கும்போது மூச்சு முட்டுகிறது, கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன் என்றாள். ஒரு பாடத்தில் தோற்று அதை மறுபடி படித்துக்கொண்டிருந்தாள். அதனால் வருவது என்று நான் முடிவுகட்டினேன். மூச்சை இழுத்து, நிறுத்தி, விடச் சொல்லிக் கொடுத்தேன். இழுத்தாள், நிறுத்தினாள், விட்டாள். மறுபடி முட்டியது.

செமஸ்டர் விடுமுறைக்கும் வீட்டுக்குப் போவதில்லை, பொங்கலுக்கும் போகவில்லை என்பது மெல்ல வெளியே வந்தது. செலண்டார் தூரமா என்ன, பஸ்ஸில் தூங்கி எழுவதற்குள் வந்துவிடும். ஏன் போவதில்லை என்றேன்.

"பேனர் இருக்கு மிஸ்" என்றாள்.

அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் தலைவர் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் ஒரு பேனர் அடித்துவிட்டார். எஸ்டேட்டுக்குள் நுழையும் ரோட்டின் குறுக்கே, இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டியிருந்தார்கள். இடது பக்கம் ஓர் அரசியல்வாதியின் பெரிய படம், வலது பக்கம் அவள் அடையாள அட்டைப் படத்தை ஊதிப் பெரிதாக்கியது. நடுவில், 'எங்கள் தோட்டத்தின் முதல் டாக்டர்.' அச்சடித்தவர் ஆர்வக் கோளாறில் அவள் கழுத்தில் ஒரு ஸ்டெதஸ்கோப்பையும் ஒட்டிவிட்டார்.

அவள் படிப்பது உணவு அறிவியல். கிச்சாப்பில், அதாவது சோயா சாஸில், எத்தனை நாளில் பூஞ்சை பிடிக்கிறது என்று பார்க்கிற படிப்பு. ஆனால் 'சயன்ஸ்' என்ற சொல் காதில் விழுந்ததும் ஊர் மீதியைத் தானே முடித்துக்கொண்டது. பெரியவர்கள் மெச்சும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண், முதல் தடவை சிரித்துவைத்தாள். இரண்டாவது தடவை சொல்லியிருக்கலாம். அதற்குள் பேனர் ஏறிவிட்டது.

அதன் பிறகு ஊருக்குப் போனாலே வாசலில் ஆள் நிற்பார்கள். இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பார் ஒருவர். வீங்கிய காலை நாற்காலி மேல் தூக்கி வைத்து அமுக்கிப் பார்க்கச் சொல்வார் ஓர் அத்தை. ஷாமினி அமுக்கிப் பார்த்தாள்.

"என் மூஞ்சி அவ்ளோ பெருசா இருக்கும் மிஸ். மழை பெஞ்சா அழுவுற மாதிரியே இருக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதே சிரிப்போடு, சில நாள் காலையில் எழுந்திருக்காமலே போய்விட்டால் நல்லா இருக்கும் என்று தோன்றுகிறது என்றும் சொன்னாள்.

அந்த இடத்தில் எனக்குக் கிண்டல் வராது. சாக வேண்டும் என்று நினைக்கிறாயா என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். விதைப்பதில்லை, ஏற்கெனவே உள்ளே இருப்பதை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். அப்படியெல்லாம் செய்துகொள்ள மாட்டேன், களைப்பாக இருக்கிறது என்றாள். மருத்துவமனையில் ஒரு டாக்டரையும் பார்க்க ஏற்பாடு செய்தோம். அந்த எண்ணம் வந்தால் யாரைக் கூப்பிடுவது, எங்கே போய் உட்காருவது என்று இருவருமாக முடிவு செய்துகொண்டோம். அன்று அவள் போன பிறகு நான் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

ஒன்று மட்டும் எங்கள் இருவர் கைக்கும் எட்டவில்லை. பேனரை இறக்கச் சொல்ல அவளால் முடியவில்லை. அவள் சொல்லாமல் நான் சொல்லவும் முடியாது. மாதக்கணக்கில் பேசினோம். பேனர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

காலை வேலை

இப்போது அறைக்குத் திரும்புகிறேன். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"நீங்க கோவமா இருக்கீங்க, புரியுது டீச்சர். நாங்களும் சும்மா வரல. காலையிலேயே பேனரை இறக்கிட்டோம்."

எனக்குத் தெரியாது என்று நினைத்து அவரே விளக்கினார். பிள்ளைக்குப் பேனர் கட்டி வைத்திருந்தார்களாம். தப்புப் பண்ணின பிள்ளை படம் ஊர் வாசலில் தொங்கினால் மற்றப் பிள்ளைகளுக்கு என்ன முன்னுதாரணம் என்று, வேன் ஏறுவதற்கு முன் தன் கையாலேயே கயிற்றை அறுத்தாராம்.

எனக்கு எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது. நான் படித்த படிப்பு, வாங்கிய பட்டம், எலுமிச்சைப்புல் எந்திரம் எல்லாம் சேர்ந்து செய்ய முடியாததை ஒரு தப்பெண்ணமும் ஒரு கத்தியும் காலைப் பசியாறலுக்கு முன்பே செய்து முடித்திருந்தன.

சிக்கல் உடனே உறைத்தது. நான் இவர்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். கவுன்சலிங் என்பது தண்டனை இல்லை என்று சொன்னால் அவள் பெயர் பிழைக்கும். பெயர் பிழைத்தால் பேனர் மறுபடி ஏறும். சொல்லாமல் விட்டால் பேனர் ஏறாது, ஆனால் பெற்றவர்கள் செய்யாத குற்றத்துக்கு அழுதுகொண்டே வீடு போவார்கள்.

அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. யாரைப் பற்றியும் சொல்லாமல் பொதுவாகச் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் இந்த அறைக்கு வருகிறவர்கள் தப்புச் செய்தவர்கள் அல்ல. மனத்தில் பாரம் இருந்தால் வருவார்கள், தாங்களே விரும்பி வருவார்கள், இங்கே யாரையும் தண்டிப்பதில்லை. பக்கத்துக் கதவுதான் தண்டனைக்கு என்று விளக்கினேன். தலைவர் பக்கத்துக் கதவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப பிள்ள தப்பு ஒண்ணும் பண்ணல. சாயங்காலமே திரும்பக் கட்டிருவோம்."

"கட்டாதீங்க தலைவரே."

கதவருகே ஷாமினி நின்றிருந்தாள். அம்மா, அப்பா வந்திருக்கிறார்கள் என்று கூடத் தங்கியிருந்த பெண் சொல்லி லேபிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். கழற்ற மறந்த வெள்ளைக் கோட்டு அப்படியே உடம்பில் இருந்தது. அதைப் பார்த்ததும் தலைவருக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதற்குத்தானே இத்தனை பாடு என்பதுபோல் கோட்டையே பார்த்தார்.

"இது லேப் கோட்டு. நான் டாக்டருக்குப் படிக்கல" என்றாள் ஷாமினி. "மொதல்லேர்ந்தே படிக்கல. எனக்கு வீட்டுக்கு வரவே பயமா இருக்கும்மா."

அம்மாவும் தலைவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை மலையுச்சி மனிதனைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா திரும்பினார்.

"தெரியும்மா" என்றார். "பதிய வந்தப்பவே தெரியும். நான்தானே கூட வந்தேன்."

"அப்ப ஏம்ப்பா சொல்லல?"

அவர் யோசித்துவிட்டு, உலகத்தில் வேறு பதிலே இல்லாததுபோல் சொன்னார். "பேனர் கட்டிட்டாங்களே."

அம்மாதான் முதலில் சுதாரித்துக்கொண்டார். கணவர் பக்கம் திரும்பினார். "அதானா அது? ஒரு வருசமா வேலைக்குப் பின்பக்கம் செம்பனைக்காட்டு ரோட்லயே போய்ட்டு வர்றீங்களே. கேட்டா ஷார்ட்கட்டுன்னீங்க. சுத்து வழி அது. நாய் வேற தொரத்தும்."

அப்பா தலை குனிந்தார். ஷாமினி அவரைப் பார்த்தாள். அப்படி அவள் யாரையும் பார்த்து நான் கண்டதில்லை. ஒரே பேனருக்குப் பயந்து மகள் விடுதியில் ஒளிந்திருக்க, அப்பா செம்பனைக்காட்டில், எண்ணெய்ப்பனை மரங்களுக்கு நடுவே, நாய்களிடம் கடிபடாமல் தப்பி வந்துகொண்டிருந்திருக்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

தலைவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனிதர் ஆடிப்போய்விட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, நான் நல்லதுக்குத்தானே செய்தேன் என்று இரண்டு தடவை சொன்னார். நல்லதுக்குத்தான் செய்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் சிலோன்கார வீடுகளில் பேனர் கட்டுவதில்லை, அம்மாக்களின் வாய் இருக்கிறது. அதைக் கத்தியால் அறுக்கவும் முடியாது. கிளம்பும் நேரத்தில் தலைவர் தயங்கி நின்று, கிச்சாப் படிப்புக்குச் சின்னதாக ஒன்று அடிக்கலாமா என்று கேட்டார். அம்மா, அப்பா, மகள் மூவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.

முன் ரோடு

பேனர் இறங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் இந்த அத்தியாயம் அழகாக முடியும். அப்படியில்லை. மூச்சு முட்டுவது உடனே நிற்கவில்லை. காலையில் எழுந்திருக்காமலே போய்விடத் தோன்றியதை அவள் பல வாரம் கழித்துத்தான் அம்மாவிடம் சொன்னாள், அதற்கு ஒரு நாள் முழுக்க அம்மாவும் மகளும் அழுதார்களாம். தொடர்ந்து வந்தாள், டாக்டரிடமும் போனாள். மாத அறிக்கையில் 'முன்னேற்றத்துக்குக் காரணமான சிகிச்சை முறை' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நான் மூச்சுப் பயிற்சி என்று எழுதினேன். மேலிடம் அந்த முறையை விரிவுபடுத்தச் சொல்லியிருக்கிறது.

தீபாவளிக்கு அவள் ஊருக்குப் போனாள். திரும்பி வந்து நீல நாற்காலியில் உட்கார்ந்து, முறுக்கு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுச் சொன்னாள். பேனர் இப்போது கோயில் விறகு நனையாமல் மூடியிருக்கிறதாம், அவள் முகம் உள்பக்கமாக. கால் வீங்கிய அத்தை எல்லாம் தெரிந்த பிறகும் வந்தாராம். "டாக்டர் இல்லாட்டி என்னா, கொஞ்சம் அமுக்கிப் பாரு" என்றாராம். ஷாமினி அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாளாம்.

பஸ் நிற்கும் இடத்துக்கு அப்பா மோட்டார் சைக்கிளோடு வந்திருந்தார். அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பழக்கதோஷத்தில் வண்டியைச் செம்பனைக்காட்டுப் பக்கம் திருப்பிவிட்டார். ஷாமினி அவர் தோளைத் தட்டினாள்.

"அப்பா, முன் ரோட்லயே போங்க."

வண்டி திரும்பியது. நுழைவில் இரண்டு கம்பங்கள் மட்டும் நின்றிருந்தன. அறுத்த ராஃபியா கயிற்றின் மிச்சம் ஒன்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே வந்ததும் அப்பா வேகத்தைக் குறைத்து அண்ணாந்து பார்த்தாராம். அவளும் பார்த்தாளாம்.

"நல்லா வெளிச்சமா இருக்கு" என்றாராம் அப்பா.